எஞ்சியவர்களின் மன்னிப்பு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



பிறரை மன்னிப்பது பற்றிக் கத்தோலிக்கப் புனிதர்களை முன்வைத்துப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையினர் கேட்டார்கள். நான் இறையியல் கற்றவன் அல்லன், வரலாறு படித்தவன். மன்னிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குள் நான் போகப் போவதில்லை. அதற்கான விடையை ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் கேட்கிறீர்கள். மன்னித்தவர்கள் எப்படி மன்னித்தார்கள், எவ்வளவு காலம் பிடித்தது, யார் துணை நின்றார்கள், நடுவில் எங்கே தடுக்கினார்கள் என்பதைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

புனிதரும் மன்னிப்பும் என்றதும் நம் மனத்தில் எழுவது பெரும்பாலும் ஒரு சாவுக் காட்சி. கல்லெறிபட்டு விழும் ஸ்தேவான், எறிந்தவர்களுக்காக வேண்டுகிறார். 1535-இல் மரண தண்டனை பெற்ற தாமஸ் மோர் தம் நீதிபதிகளைப் பார்த்து, ஸ்தேவானும் அவருடைய கொலைக்கு உடன்பட்டு நின்ற பவுலும் இன்று விண்ணகத்தில் நண்பர்களாக இருப்பதைப்போல நாமும் அங்கே மகிழ்ச்சியாகச் சந்திப்போம் என்ற பொருள்படப் பேசுகிறார். மெய்சிலிர்க்க வைக்கும் காட்சிகள்தாம். ஆனால் கற்றுக்கொள்ள வந்தவருக்கு இவற்றில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சாகிறவருக்கு மறுநாள் கிடையாது. கொன்றவனைக் கடைத்தெருவில் எதிர்கொள்ள வேண்டியதில்லை. அவன் வீட்டுத் திருமணச் செய்தி காதில் விழாது. அந்த மறுநாள் முழுவதும் எஞ்சியவர்களுக்குத்தான்.

எனவே என் கருத்து இது. மன்னிக்கக் கற்க விரும்புகிறவர், பீடத்தில் சுரூபமாக நிற்பவரின் தாயையும் தங்கையையும் பார்க்க வேண்டும். புனிதர்களிலும், அடிபட்ட பிறகு உயிரோடு இருந்து பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் மனம் இளகட்டும் என்று காத்திருக்கவில்லை. சிறு சிறு செயல்களைச் செய்துகொண்டே போனார்கள். மனம் தாமதமாக வந்து சேர்ந்தது.

1. மகளின் ஒரு நாளும் தாயின் முப்பது ஆண்டும்

ரோமாபுரிக்குத் தெற்கே, கொசுக்காய்ச்சல் மண்டிய சதுப்பு நிலத்தில் லெ ஃபெரியேரே என்ற சிற்றூர். அங்கே இரண்டு விவசாயக் குடும்பங்கள் ஒரே வீட்டில் குடியிருந்தன. கொரற்றி குடும்பத்தின் தலைவர் லூயிஜி 1900-இல் மலேரியாவில் இறந்தார். மனைவி அசுந்தா வயலுக்குப் போக, மகள் மரியா வீட்டையும் சிறுவர்களையும் கவனித்துக்கொண்டாள். 1902 ஜூலை 5 அன்று, அதே வீட்டில் இருந்த செரெனெல்லி குடும்பத்து இளைஞன் அலெசாந்த்ரோ அவளைக் கெடுக்க முயன்றான். அவள் மறுத்தாள். பதினான்கு இடங்களில் குத்தினான். மறுநாள் நெத்தூனோ மருத்துவமனையில் அவள் இறந்தாள். இறக்குமுன், குருவானவர் கேட்டபோது, அவனை மன்னிப்பதாகவும் அவனும் விண்ணகத்தில் தன்னோடு இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அவளுக்கு இன்னும் பன்னிரண்டு வயது நிறையவில்லை.

நம் பங்குகளில் இதைக் கற்பைப் பற்றிய பாடமாகவே சொல்லி வருகிறோம். அப்படிச் சொல்லும்போது, இப்படிப்பட்ட கொடுமையிலிருந்து உயிர் பிழைத்து வந்த பெண்களைக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம் என்ற மனத்தாங்கல் எனக்கு உண்டு. அது வேறொரு நாள் பேச வேண்டியது. மன்னிப்பின் கதையாகச் சொல்பவர்களும் மருத்துவமனைக் கட்டிலோடு நிறுத்திவிடுகிறார்கள். அசுந்தாவுக்குக் கதை அங்கேதான் தொடங்கியது.

அலெசாந்த்ரோ சட்டப்படி வயது நிறையாதவன் என்பதால் ஆயுள் தண்டனைக்குப் பதில் 30 ஆண்டுச் சிறை. முதல் சில ஆண்டுகள் அவனிடம் வருத்தமே இல்லை. பிறகு, மரியா தனக்கு லீலி மலர்களைத் தருவதாகக் கனவு கண்டு மனம் மாறியதாக அவனே சொல்லியிருக்கிறான். 27 ஆண்டுகள் கழித்து 1929-இல் வெளியே வந்தான். அதன்பின்னும் சில ஆண்டுகள் சென்றன. ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது கொரினால்தோ என்ற ஊருக்குப் போனான். அங்கே பங்குத் தந்தையின் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அசுந்தாவிடம் மன்னிப்புக் கேட்டான். என் மகளே மன்னித்துவிட்டபோது நான் எப்படி மறுக்க முடியும் என்ற பொருளில் அந்தத் தாய் பதில் சொன்னார். இருவரும் அவ்வூர்க் கோயிலில் அருகருகே நின்று நற்கருணை வாங்கினார்கள்.

மகளுக்கு ஒரு நாள். தாய்க்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல். தாய் தன் கையிருப்பில் இருந்து எடுத்துக் கொடுக்கவில்லை, மகள் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1950 ஜூன் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மரியாவுக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது அசுந்தா அங்கே இருந்தார். பட்டத்துக்கான விசாரணையில் சாட்சி சொன்னவர்களில் அலெசாந்த்ரோவும் ஒருவர். ‘அவன்’ என்று இதுவரை சொல்லிவந்த நான் இந்த இடத்தில் ‘ஒருவர்’ என்று மாறிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். 1970-இல் மாச்செராத்தா நகரின் கப்புச்சின் மடத்தில் அவர் காலமானார்.

2. தெருவில் ஒரு வணக்கம்

இந்த உரையில் நான் அதிக நேரம் செலவிட விரும்புவது ஜேன் பிரான்சிஸ் தெ சாந்தாலுடன். நம் ஊரில் அவர் பெயரில் கோயிலோ தேரோ அதிகம் இல்லை. மன்னிக்க முடியாமல் திணறியதை மறைக்காத புனிதர் என்பதாலேயே அவர் எனக்கு நெருக்கமானவர்.

1572-இல் பிரான்சின் திஜோன் நகரில் பிறந்தவர். சாந்தால் பிரபுவான கிறிஸ்டோஃப் தெ ராபுத்தேனை மணந்தார். நல்ல இல்லறம், கடனில் கிடந்த பண்ணையை மனைவியே நிமிர்த்தினார். 1601-இல் கணவர் நண்பருடன் வேட்டைக்குப் போனார். மான் என்று நினைத்து நண்பர் சுட்ட குண்டு அவர்மேல் பாய்ந்தது. ஒன்பது நாள் உயிரோடிருந்தார். அந்த நாள்களில் சுட்டவரைத் தாம் மன்னித்துவிட்டதாகச் சொல்லி, கோயில் பதிவேட்டிலும் அதை எழுதி வைக்கச் செய்தார். இங்கேயும் அதே அமைப்புத்தான்: இறப்பவர் மன்னித்துவிட்டுப் போய்விட்டார், முப்பது வயதுகூட ஆகாத மனைவி நான்கு குழந்தைகளோடு எஞ்சினார்.

அவரால் முடியவில்லை. திட்டமிட்ட கொலை அன்று, விபத்து என்று தெரியும். கணவரே மன்னித்தார் என்றும் தெரியும். சுட்டவர் உள்ளூர்க்காரர், உறவுக்காரரும்கூட என்பார்கள். அவரைப் பார்க்கவே ஜேனால் முடியவில்லை. தெரிந்ததும் முடிந்ததும் வேறு வேறாகவே இருந்தன. இதற்கிடையில் மாமனார் வீட்டில் வந்து இருக்காவிட்டால் பிள்ளைகளுக்குச் சொத்து இல்லை என்ற மிரட்டல். அந்த வீட்டிலோ ஒரு வேலைக்காரியின் அதிகாரம். ஏழாண்டுகள் அங்கே கழிந்தன. துக்கத்தில் இருப்பவரிடம் ‘மன்னித்துவிடு’ என்று சொல்வதற்கு முன், அவருடைய வீட்டில் அன்றாடம் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதை இந்த வாழ்க்கை வரலாற்றில் இருந்துதான் நான் கற்றேன்.

1604 தவக்காலத்தில் ஜெனீவா ஆயர் பிரான்சிஸ் சலேசியார் திஜோன் வந்து பிரசங்கம் செய்தார். அன்று தொடங்கிய நட்பு கடிதங்களாக வளர்ந்தது. சுட்டவரைச் சந்திப்பது பற்றி ஜேன் கேட்டதற்குச் சலேசியார் சொன்ன வழியின் சாரம் இதுதான்: நீங்களாகத் தேடிப் போக வேண்டியதில்லை; அவர் வந்தால் உங்கள் உள்ளம் கனிவாக இருக்கட்டும்; அப்போது இரத்தம் கொதிக்கத்தான் செய்யும், கொதிக்கட்டும். உணர்ச்சி வரும் என்பதைக் கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் அறிவுரை சொல்கிறார். அது வராமல் இருக்க வேண்டும் என்று கேட்கவே இல்லை.

பிறகு நடந்தவை படிப்படியானவை. முதலில் தெருவில் கண்டால் ஒரு வணக்கம். அடுத்து வீட்டுக்கு அழைப்பு. கடைசியில், அந்த மனிதருக்குப் பிறந்த குழந்தையின் திருமுழுக்கில் ஜேன் ஞானத்தாயாக நின்றார். கணவரைச் சுட்ட கையின் குழந்தையைத் தம் கையில் ஏந்தினார். இவர்தான் 1610-இல் அன்னசி நகரில் சலேசியாரோடு சேர்ந்து மினவுதல் சபையைத் தொடங்கியவர். 

மனத்தில் இல்லாத வணக்கம் போலி அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. லிசியு நகரக் கார்மேல் மடத்தில் வாழ்ந்த சிறுமலர் தெரேசாவுக்கும் அது எழுந்திருக்க வேண்டும். எதைச் செய்தாலும் தமக்கு எரிச்சலூட்டிய ஒரு சகோதரியிடம் அவர் வேண்டுமென்றே இன்முகம் காட்டினார், உதவிகள் செய்தார். அந்தச் சகோதரியோ, என்னிடம் அப்படி என்ன உங்களைக் கவர்ந்தது என்று ஒரு நாள் கேட்டேவிட்டாராம். போலி என்பது பிறரை ஏமாற்றித் தான் ஆதாயம் அடைவது. இங்கே ஆதாயம் எதுவும் இல்லை. தெரேசா தமக்கு இன்னும் வராத ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கற்பது என்று நாம் சொல்லும் எல்லாவற்றிலும் இந்தக் கட்டம் உண்டு.

3. ராக்கி

ஜேனுக்கு ‘ஞானத்தாய்’ என்றொரு முறை கைவசம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அசுந்தாவுக்கு நற்கருணை இருந்தது. காஷியா ஊர் ரீத்தம்மாளை எடுத்துக்கொண்டால், பழிக்குப் பழி வேரூன்றிய 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அவருடைய கணவர் கொலையுண்டார். மடத்தில் சேர விரும்பியபோது, இரு குடும்பங்களும் சமாதானம் ஆகட்டும், பிறகு வாருங்கள் என்று கன்னியர் சொன்னதாக மரபு. அந்தக் கால இத்தாலிய நகரங்களில் பகைக் குடும்பங்கள் நோட்டரி முன்னிலையில் சமாதானப் பத்திரம் எழுதி, ஒருவருக்கொருவர் முத்தம் கொடுத்துக்கொள்வது வழக்கம், மீறினால் அபராதம். மன்னிப்பைத் தனி மனிதரின் நெஞ்சுரத்துக்கு விட்டுவிடாமல், ஊரே அதற்கு ஒரு முறை வகுத்து வைத்திருந்தது.

நம் நாட்டு எடுத்துக்காட்டு இதைவிடத் தெளிவானது. கேரளத்தின் புல்லுவழி ஊரில் 1954-இல் பிறந்த அருள்சகோதரி ராணி மரியா, பிரான்சிஸ்கன் கிளாரா சபையைச் சேர்ந்தவர். மத்தியப் பிரதேசத்தின் உதயநகர் பகுதியில் ஏழை விவசாயிகளிடையே பணியாற்றினார். வட்டிக்காரர்களின் பிடியில் இருந்தவர்களுக்கு வங்கிக் கடனுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் வழிகாட்டினார். அது சிலரின் வருமானத்தில் கை வைப்பதாக ஆயிற்று. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் போகும் பேருந்தில், பயணிகள் பார்த்திருக்க, சமந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். ஏவிவிட்டவர்கள் வேறு ஆள்கள். ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் கிடந்த சமந்தர் சிங், தன்னை ஏவியவர்களைப் பழிவாங்க வேண்டும் என்ற வெறியோடு இருந்ததாகப் பின்னர் சொல்லியிருக்கிறார்.

ராணி மரியாவின் தங்கை செல்மியும் அதே சபைத் துறவி. 2002-இல் ராக்கிப் பண்டிகையை ஒட்டி அவர் இந்தூர் சிறைக்குப் போனார். அக்காவைக் கொன்றவரின் மணிக்கட்டில் ராக்கி கட்டினார்.

வட இந்திய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். ராக்கி கட்டிக்கொண்டவர் சகோதரராகிவிடுகிறார். கட்டியவரைக் காப்பது இனி அவர் கடமை. ஒரு கத்தோலிக்கத் துறவி, தன் மறையின் சடங்கு ஒன்றையும் கையில் எடுக்காமல், சிறையில் இருந்தவருக்குச் சிறு வயதிலிருந்தே பழகிய ஒன்றை எடுத்தார். ‘உன்னை மன்னித்தேன்’ என்று சொல்லியிருந்தால் அவர் தலை குனிந்து கேட்டுக்கொள்வதோடு சரி. ராக்கியோ அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தது. மன்னிக்கப்பட்டவர் அதன்பின் என்ன செய்வது என்ற கேள்வியைப் பொதுவாக நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை, செல்மி எண்ணியிருக்கிறார்.

குடும்பமும் திருச்சபையும் மனு கொடுத்ததன்பேரில் 2006-இல் சமந்தர் சிங் விடுதலை ஆனார். அடுத்து அவர் கேரளத்துக்குப் போய் அந்தப் பெற்றோரைச் சந்தித்தார். மகளின் இரத்தம் பட்ட கைகள் என்று அந்தத் தாய் அவர் கைகளை முத்தமிட்டதாகச் செய்திகள் வந்தன. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டபோது சமந்தர் சிங்கும் வந்திருந்தார்.

4. சட்டம் தன் வழியில்

1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் மெஹ்மெத் அலி ஆஜா சுட்டதில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாவின் விளிம்புவரை போய் வந்தார். நான்காம் நாள், மே 17 அன்று, ஜெமெல்லி மருத்துவமனையிலிருந்து ஒலிபரப்பான செய்தியில் சுட்டவரைச் சகோதரர் என்று குறிப்பிட்டு மன்னித்தார். 1983 டிசம்பர் 27 அன்று ரெபிபியா சிறைக்குச் சென்று, அறைக்குள் நாற்காலி போட்டு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் பரவியது. அப்போதுகூட ஆஜா மன்னிப்புக் கேட்கவில்லை என்று திருத்தந்தையின் செயலர் பின்னாளில் எழுதினார்.

மன்னித்த பிறகும் ஆஜா சிறையில்தான் இருந்தார். இத்தாலியக் குடியரசுத் தலைவர் தண்டனை மன்னிப்பு வழங்கியது 2000-இல். ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பின். அப்போதும் அவர் துருக்கியிடம் ஒப்படைக்கப்பட்டு, 1979-இல் இதழாளர் அப்தி இபெக்சியைக் கொன்ற வழக்கில் மீண்டும் சிறைக்குப் போனார். திருத்தந்தை தமக்கு நேர்ந்ததைத்தான் மன்னிக்க முடியும். இபெக்சி குடும்பத்தின் சார்பில் மன்னிக்க அவருக்கும் உரிமை இல்லை. ராணி மரியா குடும்பம் விடுதலை கேட்டு மனு கொடுத்தது. அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது, ஏனென்றால் இழந்தவர்கள் அவர்கள். பேருந்தில் வேடிக்கை பார்த்தவர்கள் கேட்டிருந்தால் நாம் என்ன நினைத்திருப்போம்?

5. வெளியே வந்த பிறகு

சூடானின் தார்ஃபூர் பகுதியில் 1869 வாக்கில் பிறந்த பக்கீத்தாவைச் சிறு வயதிலேயே அடிமை வணிகர்கள் கடத்தினார்கள். பல கை மாறி விற்கப்பட்டார். உடலில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கீறி உப்புத் தேய்த்த வடுக்கள். பிற்காலத்தில், கடத்தியவர்களைச் சந்தித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, மண்டியிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன், அந்தக் கடத்தல் நடந்திராவிட்டால் நான் இன்று கிறிஸ்தவளாகவும் துறவியாகவும் ஆகியிருக்க மாட்டேன் என்ற பொருளில் சொன்னார்.

இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதற்கு முந்தைய ஒரு நிகழ்ச்சியை விட்டுவிடுகிறார்கள். இத்தாலிக்கு வந்தபின், வெனிஸ் நகரக் கனோசா சகோதரிகளிடம் தங்கியிருந்தபோது, எசமானி அவரைச் சூடானுக்கு அழைத்துப் போக வந்தார். பக்கீத்தா வர மறுத்தார். வழக்கு நீதிமன்றம் போயிற்று. 1889 நவம்பர் 29 அன்று, இத்தாலியச் சட்டத்தில் அடிமை என்று ஒருவர் இருக்க முடியாது, இவர் சுதந்திரமானவர் என்று தீர்ப்பு வந்தது. முதலில் ‘வர மாட்டேன்’. கைகளை முத்தமிடும் பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கணவனிடம் அடிபடும் பெண்ணிடம், முரட்டுக் கணவனைப் பொறுத்துக்கொண்டதாக மரபு சொல்லும் ரீத்தம்மாள் கதையைச் சொல்லி, பொறுத்துப்போ, மன்னித்துவிடு என்று அனுப்பிவைக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது தவறு என்று இந்த மேடையில் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். நான் இதுவரை விரிவாகச் சொன்னவர்களில் எவரும் கத்தி ஓங்கியிருந்தபோதே அதே வீட்டில் இருந்து மன்னிக்கவில்லை. திருச்சபைக்கும் இது பொருந்தும். சிறாரிடம் பாலியல் குற்றம் செய்த குருக்களை மேலிடம் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தது 2002-இல் பாஸ்டனில் அம்பலமானது. அங்கே மன்னித்தது யார், யார் சார்பில்?

6. கைகோத்தும் கூடாதவர்கள்

என் கருத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் உங்கள் முன் வைக்க வேண்டும். விவிலியத்தை இலத்தீனில் தந்த புனித ஜெரோமும் அக்குயிலேயாவின் ருஃபீனுஸும் இளமை நண்பர்கள். முற்கால இறையியலாளர் ஒரிஜனின் நூல்களைப் பற்றிய சண்டையில் பிரிந்தார்கள். 397-இல் எருசலேமின் உயிர்ப்புக் கோயிலில் திருப்பலிக்குப் பின் கைகோத்துச் சமாதானம் ஆனார்கள். சடங்கு இருந்தது, ஊர் சாட்சியாக இருந்தது, நான் சொன்ன எல்லாமே இருந்தன. ஓரிரு ஆண்டில் சண்டை முன்னைவிட மோசமாக வெடித்தது. ருஃபீனுஸ் சிசிலியில் இறந்தபோது ஜெரோம் அவரை மண்ணுக்கடியில் போன தேள் என்று எழுதினார். இப்படிப்பட்ட நண்பர்களே பகைவர்களாகிவிட்டார்களே என்று அகுஸ்தீனார் நொந்துபோனார். அப்படிப்பட்ட ஜெரோமுக்கும் செப்டம்பர் 30-இல் விழா எடுக்கிறோம். அந்தக் கடிதங்களையும் எவரும் ஒளித்து வைக்கவில்லை. இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஏன் பலிக்கவில்லை? கைகோத்தபின் ருஃபீனுஸ் இத்தாலிக்குப் போய்விட்டார்; ஜெரோம் பெத்லகேமில் இருந்தார். மறுபடி இருவரும் முகம் பார்க்கவே இல்லை. தெருவில் வணக்கம் சொல்ல ஜேனுக்குக் கிடைத்த வாய்ப்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் கடிதங்கள், மொழிபெயர்ப்பு முன்னுரைகள், இரு பக்கமும் கூடியிருந்த ஆதரவாளர்கள். 399 வாக்கில் ஜெரோம் ருஃபீனுஸுக்கு ஓரளவு இணக்கமான ஒரு கடிதம் எழுதி, ரோமில் இருந்த தம் நண்பர்கள் வழியாக அனுப்பினார். அந்த நண்பர்களில் பம்மாக்கியுஸும் மற்றவர்களும் அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அதோடு வந்த கடுமையான இன்னொரு கடிதத்தை மட்டும் பரப்பினார்கள். சலேசியாரும் நடுவில் நின்றவர்தான், இவர்களும் நடுவில் நின்றவர்கள்தான். மன்னிப்பின் வரலாற்றை எழுதப் போகும் மாணவர்கள், மன்னித்தவரையும் மன்னிக்கப்பட்டவரையும் ஆராய்வதோடு, கடிதம் யார் கையில் போயிற்று என்பதையும் தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.